பழைய வண்டிக்கு என்ன பிரேக் பேட் போடலாம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டயர் பற்றி எழுதிவிட்டு, அடுத்தது பிரேக் என்று சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகளைப் பற்றியவை. அப்பா ஓட்டிய வண்டி, அண்ணன் கல்லூரிக்குப் போன வண்டி, விற்க மனசு வராமல் வைத்திருக்கும் வண்டி. இந்த வண்டிகளுக்கு ஷோரூமில் சரியான பதில் கிடைப்பதில்லை, கடையில் கையில் இருப்பதைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க பிரேக்தான்.

என்னிடம் இருப்பது 2006 பல்சர் 150, அப்பா வாங்கியது. ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், முன் பேட் தேய்ந்துவிட்டது. கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று கம்பெனி பேட். இன்னொன்று பாதி விலை. மூன்றாவது சின்டர்டு, ரேஸ் வண்டிக்குப் போடுவது, வருடக்கணக்கில் உழைக்கும் என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். தினமும் வீட்டுக்கும் ஆபீசுக்கும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். எதைப் போடட்டும் அண்ணா? (தாம்பரம் வாசகர்)

கம்பெனி பேட் போடுங்கள் தம்பி. பாதி விலையைத் தொடவே வேண்டாம். சின்டர்டு நல்ல சரக்குதான், ஆனால் உங்கள் வண்டிக்கு அது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும், ஏனென்றால் இதே கேள்வியை வண்டிப் பெயரை மட்டும் மாற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பேட் என்பது ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உராய்கிற ஒரு மருந்து, அவ்வளவுதான். வித்தியாசம் எல்லாம் அந்த மருந்தில் இருக்கிறது. ஆர்கானிக் என்று சொல்வதில் நார், கிராஃபைட், ரப்பர் தூள் போன்றவற்றைப் பிசினில் குழைத்து அழுத்தி வேக வைத்திருப்பார்கள். மிருதுவாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது. ஆனால் சீக்கிரம் தேயும், ரொம்பச் சூடானால் அந்தப் பிசினே வெந்து பிடி குறையும். அதிலேயே இரும்புத் தூளும் கம்பித் துண்டும் நிறையச் சேர்த்தால் செமி மெட்டாலிக். கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும், கொஞ்சம் கூடுதலாக டிஸ்க்கைத் தேய்க்கும்.

சின்டர்டு வேறு ஜாதி. செம்பு கலந்த உலோகப் பொடியை அச்சில் அழுத்தி, உருகிவிடாத அளவுக்குச் சூடேற்றி ஒட்ட வைத்தது. பிசினே கிடையாது. அதனால் சூட்டுக்கு அசராது, மழையில் நனைந்த டிஸ்க்கிலும் தொட்டவுடன் பிடிக்கும், நாளும் உழைக்கும். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அதைத் தாங்கும்படி டிஸ்க்கும், பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பரும் செய்த வண்டிக்குத்தான் அது. உங்கள் வண்டியில் இருப்பது 240 மில்லிமீட்டர் டிஸ்க், ஏறக்குறைய இருபது வருடம் தேய்ந்தது. பேட் உழைக்கும், டிஸ்க் போகும். டிஸ்க் விலையில் எத்தனை ஜோடி பேட் வாங்கலாம் என்று அதே கடையில் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, உலோகம் சூட்டை நன்றாகக் கடத்தும். டிஸ்க்கில் உண்டாகும் சூடு பேட் வழியாக, அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும், பிஸ்டன் சீலுக்கும், பிரேக் ஆயிலுக்கும் போகும். அந்தச் சீல் ரப்பர் எப்போது மாற்றியது என்று உங்களுக்கே தெரியாது இல்லையா?

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இங்கே 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு, கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில். உங்கள் வண்டியில் அது இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஐப்பசி மழையில் முன்னால் போகிற ஆட்டோ சட்டென்று நிற்கும்போது, பயத்தில் லீவரை இறுக்கிவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் படிப்படியாகப் பிடிக்கிற பேட் உங்களுக்கு அரை நொடி கொடுக்கும், வெடுக்கென்று பிடிக்கிற பேட் அதையும் கொடுக்காது. பழைய வண்டிக்கு வேண்டியது அதிகமான பிடி இல்லை, கைக்குச் சொல்லிவிட்டு வருகிற பிடி.

பேட்டின் பின் தகட்டிலோ ஓரத்திலோ ஒரு நீளமான எண் வரிசையின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், எஃப்.எஃப், ஜி.எஃப், எச்.எச் என்று. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடேறியபோது எவ்வளவு. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55, அதற்கு மேலே எச். சின்டர்டு பேட்டுகள் பெரும்பாலும் எச்.எச் ஆக இருக்கும். அந்த எழுத்து பேட் எத்தனை நாள் உழைக்கும் என்றோ டிஸ்க்கைத் தின்னுமா என்றோ சொல்லாது, பிடியை மட்டும்தான் சொல்லும். உங்கள் பழைய பேட்டில் இருந்த எழுத்தைத் துடைத்துப் படித்துப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் இருப்பதையே போடுங்கள்.

பாதி விலை பேட் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அது பிடிக்குமா பிடிக்காதா என்பதுகூட இரண்டாவது கவலை. டூப்ளிகேட் பேட்டில் மருந்து தகட்டை விட்டுக் கழன்று வருவதை நான் என் கையால் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தகடு மட்டும் டிஸ்க்கில் உராய்ந்துகொண்டு இருந்தது. ஓட்டி வந்தவர் "கரகரன்னு சத்தம் வருது" என்று மட்டும்தான் சொன்னார். உங்கள் ஊரில் இருந்து வெகு தூரம் இல்லாத பாடியிலும் அம்பத்தூரிலும் பல பத்தாண்டுகளாக பிரேக் லைனிங் என்கிற இந்த மருந்தைத் தயாரிக்கும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. வண்டிக் கம்பெனிப் பெட்டி கிடைக்காவிட்டால் இப்படித் தெரிந்த தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வருவதை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பில் போட்டு வாங்குங்கள். பெட்டியில் தயாரிப்பு மாதம், எம்.ஆர்.பி., முகவரி எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். பழைய பேட்டைக் கையோடு கொண்டு போங்கள், ஒரே பெயரில் வந்த வண்டியிலும் வருடத்துக்கு வருடம் காலிப்பர் மாறியிருக்கும். பின் தகட்டின் வடிவம், காதுத் துளை, கனம் மூன்றும் ஒத்துப் போகிறதா என்று ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இனி, பேட்டைவிட முக்கியமானது. டிஸ்க்கில் எங்காவது குறைந்தபட்ச கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே போய்விட்டதென்றால் புது பேட் போட்டுப் பிரயோசனம் இல்லை, டிஸ்க் மாற்ற வேண்டும். அளக்கும்போது ஒரு தவறு நடக்கும். பேட் தொடாத வெளி ஓரத்தில் டிஸ்க் தேயாமல் வரம்பு மாதிரி நிற்கும், வெர்னியர் அளவியை வைத்தால் அதன் தாடை அந்த வரம்பில் உட்கார்ந்து கனத்தைக் கூட்டிக் காட்டும். பக்கத்து லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் இருக்கும், பேட் உராய்கிற இடத்தில் நாலைந்து புள்ளியில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பேட் மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டி வரும். தள்ளுவதற்கு முன் அதன் வெளிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கோடு சேர்ந்து சீலுக்குள் போகும். மேலே, லீவர் பக்கத்தில் பிரேக் ஆயில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் நிரம்பி வழியும், பெட்ரோல் டேங்க் மேல் பட்டால் பெயிண்ட் போய்விடும், துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் லீவரை அழுத்தி அழுத்தி விடுங்கள், கெட்டியாகும் வரை. இதை நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேட் மாற்றிக் கொடுத்தார்கள். சாவியைக் கையில் கொடுத்தார்கள், ஸ்டார்ட் செய்து வாசலில் இருந்து ரோட்டுக்கு இறங்கினேன், வலது பக்கம் லாரி. லீவரை அழுத்தினால் கைப்பிடி வரை வருகிறது, ஒன்றுமே இல்லை. உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொட இன்னும் வெளியே வரவில்லை. கால் பிரேக்கும் ரோட்டு ஓரத்து மணலும் காப்பாற்றின. அந்தப் பையன் மறந்தான், நானும் சோதிக்கவில்லை. இரண்டு பேருமே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அப்புறம், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் பேட்டும் டிஸ்க்கும் பழக வேண்டும். காலியான ரோட்டில் ஐம்பதில் போய், நிதானமாகப் பிடித்துப் பத்துக்குக் கொண்டு வாருங்கள், விடுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடுங்கள், மறுபடி. இப்படி இருபது தடவை போல. பிரேக்கைப் பிடித்தபடியே ஓட்டாதீர்கள், பேட் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிவிட்டால் புது பேட்டும் வழுக்கும்.

இரண்டு பேட்டில் உள்பக்கம் இருப்பது முழுக்கத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்கம் பாதிக்கு மேல் இருக்கிறது. தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதுமா? (திருவண்ணாமலை வாசகர்)

போதாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் ஏன் அப்படித் தேய்ந்தது என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர், இரண்டு பின்களின் மேல் இப்படியும் அப்படியும் நகர்ந்தால்தான் இரண்டு பேட்டும் சமமாக அழுத்தும். அந்தப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால் பிஸ்டன் பக்கம் இருக்கும் பேட் மட்டும் வேலை செய்து தேயும். பின்களைக் கழற்றித் துரு எடுத்து, ரப்பர் உறை கிழிந்திருந்தால் புதிது போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊத வைக்கும், ஆறு மாதத்தில் மறுபடி இறுகும். இதைச் செய்யாமல் புது ஜோடி போட்டால் அடுத்த வருடமும் இதே கடிதம் எழுதுவீர்கள்.

1994 ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். இன்ஜின் அருமையாக இருக்கிறது, முன் பிரேக் மட்டும் பெயருக்குத்தான். இரண்டு தடவை ஷூ மாற்றியும் சரியாகவில்லை. டிஸ்க் வைத்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? நல்ல ஷூ எது? (பாளையங்கோட்டை வாசகர்)

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1985-இல் இருந்து 1996 வரை வந்த வண்டி, 98 சிசி, முன்னும் பின்னும் டிரம், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் கிண்ணத்துக்குள் ஷூ விரிந்து உராயும் பிரேக். அந்த டிரம் பிரேக் அந்த வண்டியின் எடைக்குப் போதும், ஒழுங்காக வைத்திருந்தால் நன்றாகவே நிற்கும். இரண்டு தடவை ஷூ மாற்றியும் நிற்கவில்லை என்றால் குற்றம் ஷூவில் இல்லை என்று அர்த்தம்.

முதலில் கேபிள். முப்பது வருட வண்டியில் கேபிளை யாரும் நினைப்பதில்லை. உள்கம்பி பிரிபிரியாகிக் கொண்டிருக்கும், வெளியுறை அமுங்கும். நீங்கள் கையில் கொடுக்கும் பலத்தில் பாதி உறையை நசுக்கவே செலவாகிவிடும். புதுக் கேபிள் போட்டுப் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, அதில் இருந்து தொடங்குங்கள்.

அடுத்து, பிரேக் பிளேட்டில் வெளியே தெரியும் அந்தச் சின்ன லீவர். பிரேக்கை முழுக்கப் பிடித்த நிலையில் கேபிளும் அந்த லீவரும் ஏறக்குறைய எல் வடிவத்தில், செங்கோணத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஷூ தேயத் தேய அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டே போனால் லீவர் அந்த நிலையைத் தாண்டிவிடும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் ஷூவை விரிக்கும் கேமுக்குப் பலம் போய்ச் சேராது. புது ஷூ போட்டபோது லீவரைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்டினார்களா என்று பாருங்கள். கேம் தண்டு அதன் துளையில் ஆடுகிறதா, துருவால் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழற்றித் தேய்த்துத் துளி கிரீஸ் வைத்தால் போதும். துளி என்றால் துளிதான், அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும்.

பிறகு டிரம். உள்ளே விரலை வைத்துத் தடவினால் வாய்ப்பக்கம் ஒரு வரம்பு தட்டுப்படும். டிரம்மில் அதிகபட்ச உள்விட்டம் எவ்வளவு வரை போகலாம் என்று பொறித்திருந்தால் அதைத் தாண்டக் கூடாது. தேய்ந்து அகன்ற டிரம்முக்குள் புது ஷூவை வைத்தால், ஷூவின் வளைவு சின்னது, டிரம்மின் வளைவு பெரிசு, நடுவில் ஒரு கோடு மட்டும்தான் தொடும். உங்கள் வண்டியில் நடந்திருப்பது இதுதான் என்று எனக்குப் படுகிறது. லைனிங் மேல் சாக்பீஸ் தடவி மாட்டி, சக்கரத்தைச் சுற்றி மெல்லப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள், எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் ஷூவை டிரம்முக்கு ஏற்றபடி தேய்த்து வளைவு எடுத்துக் கொடுப்பார்கள். உங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்தவர் இன்னும் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். இப்போது அவசரத்தில் யாரும் செய்வதில்லை, அது எனக்கு வருத்தம்.

மாட்டும்போது ஒரு வேலை. ஆக்சில் நட்டை முழுக்க இறுக்காமல் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். பிளேட் தானாக டிரம்முக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். இரண்டு நிமிட வேலைதான், லீவரில் வித்தியாசம் உடனே தெரியும்.

ஷூ வாங்குவதில் பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. "இருபது வருஷத்துப் பழைய ஸ்டாக் சார், அந்தக் காலத்து ஒரிஜினல், பெட்டி பிரிக்கவே இல்லை" என்று சென்னை புதுப்பேட்டையில் காட்டினால் கை தானாக நீளும். வேண்டாம். லைனிங் ஷூவில் பசையால் ஒட்டியது, அந்தப் பசை நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து கிடந்து செத்துப் போயிருக்கும். ஓடும்போது லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் மாட்டிக்கொண்டால் முன் சக்கரம் அப்படியே பூட்டும். டேங்க், மீட்டர், எம்பிளம் இதெல்லாம் பழைய ஸ்டாக் வாங்கிச் சேருங்கள், பிரேக் ஷூவும் ரப்பர் சாமானும் மட்டும் சமீபத்தில் தயாரானதாக இருக்கட்டும்.

டிஸ்க் மாற்றுவது என்றால் முன் ஃபோர்க், சக்கரம், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வேறு வண்டியில் இருந்து வர வேண்டும். ஃபோர்க்கின் நீளம் மாறினால் வண்டி திரும்பும் குணமே மாறும். காலிப்பர் நிற்க வெல்டிங் வைத்துத் தாங்கி செய்கிறார்கள், அந்த வெல்டிங்மேல்தான் உங்கள் உயிர் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. நான் செய்ய மாட்டேன். மேலே சொன்னதை எல்லாம் செய்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

புது பேட் போட்டதில் இருந்து சிக்னலில் நிற்கும்போது 'கீய்' என்று ஊரே திரும்பிப் பார்க்கிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. (வேலூர் வாசகர்)

நன்றாகப் பிடிக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பேட் டிஸ்க்கில் உராயும்போது அதிர்கிறது, அந்த அதிர்வுதான் கேட்கிறது. பழைய பேட்டின் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருந்திருக்கும், மாற்றும்போது அதைத் தூக்கிப் போட்டிருப்பார்கள், முதலில் அதைக் கேளுங்கள். இருந்தால், பேட்டைக் கழற்றி மேல் பளபளப்பைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, முன் ஓரத்தைக் கொஞ்சம் சரிவாக்கி மாட்டிப் பாருங்கள். டிஸ்க் மேல் எண்ணெய் விடுவது, பேட்டில் சோப்புத் தேய்ப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஃபோர்க் சீல் கசிந்து பேட்டில் எண்ணெய் ஏறிவிட்டாலும் அப்படித்தான், பெட்ரோலில் கழுவி நெருப்பில் காட்டினால் மேலே மட்டும் காயும், சூடானதும் உள்ளே ஊறியது வெளியே வரும். தூக்கிப் போடுங்கள், சீலையும் மாற்றுங்கள்.

'கீய்' இல்லாமல் 'கரகர' என்று கேட்டால் அது வேறு. உடனே நிறுத்திப் பாருங்கள். மருந்து இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றிவிட வேண்டும், தகடு உராயும் வரை காத்திருக்கக் கூடாது.

அப்பா முப்பது வருடமாக டூவீலர் மெக்கானிக். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளைக் கம்ப்ரசர் காற்று அடித்துத்தான் சுத்தம் செய்வார், இல்லாவிட்டால் வாயால் ஊதுவார். இது கெடுதல் என்று படித்தேன். சொன்னால் சிரிக்கிறார். (ஈரோடு வாசகி)

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. நீங்கள் சொல்வது சரி. பழைய பிரேக் லைனிங்குகளில் சூடு தாங்குவதற்காகக் கல்நார் சேர்ப்பார்கள், ஆஸ்பெஸ்டாஸ் என்று சொல்வது அதைத்தான். அதன் தூசி கண்ணுக்குத் தெரியாத ஊசி போல நுரையீரலில் போய்த் தங்கும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம், அதனால்தான் அப்பா சிரிக்கிறார், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று. கல்நார் பல நாடுகளில் முழுத் தடை, இங்கே அப்படி இல்லை. ஒரு லைனிங்கைப் பார்த்து அதில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

அவர் தொழிலை மாற்றச் சொல்ல வேண்டாம், முறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். காற்று அடிக்கக் கூடாது, ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷ் போடக் கூடாது. சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி டிரம்மை நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் காயவிடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட வேண்டும். சட்டையை உதறாமல் நனைத்துத் துவைக்க வேண்டும், வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல். லைனிங் தேய்க்கும்போது சாதாரணத் துணி கட்டினால் போதாது, எழுத்தில் பி100 என்று போட்ட வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். கடையில் சின்னப் பையன்கள் வேலை கற்றுக்கொண்டு இருந்தால், அவர்களுக்காகவாவது மாற்றுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். தனக்காக மாறாத மனிதர் அந்தப் பையன்களுக்காக மாறுவார். பேட், ஷூ வாங்கும்போதும் கல்நார் இல்லாதது என்று பெட்டியில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயில் மூடியில் டாட் 3 என்று இருக்கிறது. டாட் 5 அதைவிட உயர்ந்தது என்று அதை ஊற்றலாமா? (காரைக்குடி வாசகர்)

ஊற்றாதீர்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு சேராது. டாட் 3 போட்ட வண்டிக்குப் பொதுவாக டாட் 4 போடலாம், கொதிநிலை கொஞ்சம் கூடுதல். யாராவது இன்ஜின் ஆயிலைத் துளி ஊற்றியிருந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும், கப், சீல், ஹோஸ் எல்லாமே மாற்ற வேண்டும்.

போன மாதம் கொல்லிமலையில் இருந்து இறங்கும்போது, பாதி வழியில் முன் பிரேக் லீவர் தளர்ந்து கைப்பிடி வரை வந்துவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தார். எப்படியோ நிறுத்தி அரை மணி நேரம் நின்றோம், பிறகு தானாகச் சரியாகிவிட்டது. 2008 மாடல் வண்டி. பேட் புதிதுதான். இன்னும் நல்ல பேட் போட வேண்டுமா? அடுத்த ஞாயிறு மறுபடி போவதாக இருக்கிறோம். (சேலம் வாசகர்)

பேட் மேல் பழி இல்லை. லீவர் எப்படி இருந்தது என்பதுதான் அடையாளம். லீவர் கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால் பேட் சூடேறிப் பிடி விட்டது என்று அர்த்தம். லீவர் பஞ்சு போல உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. திரவத்தை அழுத்தினால் சுருங்காது, அதனால்தான் உங்கள் விரல் பலம் அப்படியே பிஸ்டனுக்குப் போகிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் நீங்கள் அழுத்துவது குமிழியைத்தான். ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகும், லீவர் திரும்பி வரும். தானாகச் சரியாகவில்லை, அடுத்த இறக்கத்துக்குக் காத்திருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறியபின் அதே ஆயிலுக்கு அந்த அளவு 140 தான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் வண்டியில் எப்போது மாற்றினீர்கள்? கண்ணாடி வழியாகப் பார்த்தால் டீ டிகாஷன் நிறத்தில் இருக்கிறதா? அப்படி என்றால் பதில் அதிலேயே இருக்கிறது. முழுக்க வடித்து, சீல் பிரிக்காத புது டப்பாவில் இருந்து ஊற்றி, காற்று எடுத்து மாட்டச் சொல்லுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிஸ்டன் உள்ளே திரும்பிப் போகாமல் இறுகியிருந்தால் பேட் உராய்ந்துகொண்டே இருக்கும், சும்மா ஓட்டும்போதே சூடு ஏறும். ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுற்ற வேண்டும்.

எழுபது கொண்டை ஊசி வளைவு, பின்னால் ஆள். ஏறிய கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது நமக்கும் பொருந்தும். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவதிலேயே இறங்குங்கள், இன்ஜின் பிடிக்கட்டும். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பழக்கம் மலையில் கூடவே கூடாது. பிரேக்கை இலேசாகத் தேய்த்தபடியே வராமல், வளைவுக்கு முன் முன்னும் பின்னும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும், விட்ட நேரத்தில்தான் அது ஆறும். டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்ஜின் அவ்வளவாகப் பிடிக்காது, அதோடு நெடுநேரம் ஆக்சிலேட்டரை மூடியே இறங்கினால் இன்ஜினுக்கு ஆயிலும் குறையும், நடுநடுவே இலேசாகத் திருகிக் கொடுக்க வேண்டும், வழியில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், கோணிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயில் மாற்றி, அடிவாரத்தில் லீவரைச் சோதித்துவிட்டு ஏறுங்கள். அதற்குள் முடியாவிட்டால் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு, நாமக்கல் வந்து பஸ்ஸில் இரண்டு பேருமாகப் போய் வாருங்கள்.